கையால் ஒட்டிய உறை

என்னிடம் ஒரு ரீசேட் உண்டு. ரொறன்ரோவில் வாழும் பெரியம்மாவின் மகன் 2018ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வந்தபோது எனக்கென்று கொண்டுவந்து தந்தது அது. வெண்ணிறச் செம்மறிகள் ஒரு கூட்டமாய் நிற்க, கருஞ்செம்மறி ஒன்று மட்டும் அவற்றை விட்டுத் துள்ளி ஓடும் சித்திரம் அதன் நெஞ்சுப் பக்கத்தை அலங்கரித்தது. "உவன் கனடாவிலை இருந்து ஆட்டுப்படம் போட்ட சேட்டையோ காவிக்கொண்டு வந்தவன்?" என்று அம்மா சிரித்தார். அது ஓர் இசைத்தட்டின் உறைப்படம் என்பதை அண்ணா சொல்லியிருக்கலாம். நான் கேட்கவுமில்லை, கேட்கத் தோன்றவுமில்லை. துணி நன்றாக இருந்தது; அணிந்தேன்.

பல்கலைக்கழகம் புகுந்து விடுதியறையில் நால்வரோடு ஐந்தாமவனாகக் கட்டில் பிடித்த முதல் மாதத்திலே, அறைத்தோழன் ஒருவன் அந்தப் படத்தைச் சுட்டி "இதென்ன?" என்றான். விடை தெரியாதவனாய் நின்றது வெட்கமாக இருந்தது. ஒரு சின்னத்தை நெஞ்சிலே தாங்கி மூன்றாண்டுகள் திரிந்தவன், அதன் பொருளை அறிய ஒரு நாழிகையும் செலவிட்டவன் அல்லன். அன்றிரவு தேடத் தொடங்கியது, இக்கட்டுரை வரை என்னை இழுத்து வந்துள்ளது.

அந்தச் சித்திரம் 1983இல் வெளிவந்த 'அவுட் ஒஃப் ஸ்டெப்' என்ற இசைத்தட்டுக்கு உரியது. அதனைப் படைத்தவர்கள் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைச் சேர்ந்த 'மைனர் திறெற்' என்னும் குழுவினர். அவர்களுடைய இசையை 'ஹாட்கோர் பங்க்' என்பர். எழுபதுகளின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் கிளர்ந்த பங்க் இசை, பெருங்கம்பனிகளின் கைக்கு விரைவிலேயே போய்ச் சேர்ந்தது. அதன்பின் அமெரிக்க நகரங்களில் பதின்ம வயதினர் சிலர் அதனை மேலும் விரைவாக்கி, மேலும் சுருக்கி, மேலும் கூராக்கித் தமதாக்கிக் கொண்டனர். ஒரு பாட்டு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதன்முதலிற் கேட்டபோது, தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டுவதுபோல் இருந்தது எனக்கு. கர்நாடக இசையில் ஓரளவு காது பழகியவன் நான். இந்த இசையை இரசித்தேன் என்று பொய் சொல்ல விரும்பவில்லை. என்னைக் கவர்ந்தது அவர்கள் பாடிய விதமன்று. பாடியதை உலகுக்குக் கொண்டுவந்த விதம்.

மைனர் திறெற்றுக்கு முன்னர் 'ரீன் ஐடில்ஸ்' என்ற குழுவொன்று இருந்தது. பாடசாலைப் பருவம் கடக்கும் வயதினர் நால்வர் அதிலே இருந்தனர். தாம் நிகழ்ச்சிகளிற் பெற்ற பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளாமல் ஒரு பெட்டியிற் போட்டு வைத்தனர். ஓராண்டளவிற் சேர்ந்தது ஏறத்தாழ 600 டொலர். 1980இல் குழு கலைந்தது. கலைகின்ற குழுவினர் கையிருப்பைப் பங்கு பிரிப்பது உலக வழக்கு. இவர்களோ, இல்லாமற்போன ஒரு குழுவின் பாட்டுக்களை இசைத்தட்டாக்குவதற்கு அப்பணத்தைச் செலவிட்டனர். நகரத்தில் எந்தக் கம்பனியும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே குழுவில் இருந்த இயன் மக்காயும் ஜெஃப் நெல்சனும் தம் தோழர் துணையோடு 'டிஸ்கோர்ட்' என்று பெயரிட்டுத் தாமே ஒரு நிறுவனம் ஆயினர்.

எட்டுப் பாட்டுக்கள் அடங்கிய சிறிய தட்டு. முதலில் அடித்தவை ஆயிரம் பிரதிகள். உறை செய்வது எப்படி என்று எவருக்கும் தெரியாது. வேறொரு தட்டின் உறையைப் பிரித்து விரித்து, அதன் வடிவத்தைப் பார்த்து, அச்சடித்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினர். பின்வந்த தட்டுக்கள் பலவற்றின் உறைகளும் ஆயிரக்கணக்கில் இவ்வாறே நண்பர்களின் கைகளால் மடிக்கப்பட்டன. பகலில் ஐஸ்கிரீம் கடையிலும் பிற கடைகளிலும் கூலிக்கு நின்றவர்கள் இரவிலே சுற்றியிருந்து உறை ஒட்டினர். 1981 முதல், வாஷிங்டனுக்கு அருகே ஆர்லிங்டனில் அவர்கள் வாடகைக்கு எடுத்த வீடொன்றே அலுவலகமும் ஒத்திகைக்கூடமும் உறைவிடமும் ஆயிற்று. முதல் தட்டு விற்ற பணத்தில் அடுத்த தட்டு, அதில் வந்ததில் அதற்கடுத்தது என்றவாறு அந்நிறுவனம் வளர்ந்தது. எழுத்துமூல ஒப்பந்தம் கிடையாது, வாய்ச்சொல்லே ஒப்பந்தம். தம் நகரத்துக் குழுக்களின் பாட்டையே வெளியிடுவது என்பது அவர்கள் தமக்குத் தாமே இட்ட வரம்பு.

'தன் கையே தனக்கு உதவி' என்று நம் முன்னோர் சொன்னதன் ஒரு வடிவமே இது எனத் தோன்றலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நமது பழமொழி தனக்கு உதவுவதோடு நிற்கிறது. இவர்களது கை, அடுத்தவன் கைக்கும் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தது. 'எங்களால் இயன்றது உங்களாலும் இயலும்' என்பதே 'நாமே செய்வோம்' என்ற அவர்களது கொள்கையின் உட்பொருள் எனலாம்.

இக்கொள்கை கைப்பிடிக்கத்தக்கது என்பதை நீண்டகாலம் நடந்து காட்டியது, மக்காய் 1987இல் மேடையேற்றிய 'ஃபியூகாசி' என்ற குழு. நுழைவுக்கட்டணம் பெரும்பாலும் 5 டொலர். எல்லா வயதினருக்கும் அனுமதி. மதுக்கடைக்கு வயது வராதவர்களை வாசலில் நிறுத்தும் வழக்கத்தினால் தாமே முன்பு இசை கேட்க முடியாமல் நின்றவர்கள் அவர்கள். அந்த வாசலை மற்றவர்க்கு அடைக்க மனம் ஒப்பவில்லை. முகாமையாளர் இல்லை, நிகழ்ச்சிகளைத் தாமே ஒழுங்கு செய்தனர். கூட்டத்தில் பிறரை இடித்துத் துன்புறுத்தியவனை மேடையிலிருந்தே அழைத்து, அவன் கொடுத்த ஐந்து டொலரைத் திருப்பிக் கையிற் கொடுத்து வெளியே அனுப்பியதுண்டு. குழுவின் பெயர் பொறித்த ரீசேட் விற்பதற்கும் மறுத்துவிட்டனர். ஆயினும் அவர்களது தட்டுக்கள் இலட்சக்கணக்கில் விலைபோயின. மலிவாகக் கொடுப்பது வேறு, தோற்றுப் போவது வேறு என்பதை இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, எதிர்ப்பக்கத்தின் இயக்கத்தையும் நோக்குவோம். பெருங்கம்பனி ஒரு குழுவுக்குப் பெருந்தொகை முற்பணம் தருகிறது. கேட்பவனுக்கு அது பரிசுபோல் ஒலிக்கும். உண்மையில் அது கடன். ஒலிப்பதிவுக் கூடத்துக் கட்டணம், தயாரிப்பாளர் கூலி, முகாமையாளர் பங்கு, சட்டத்தரணி செலவு என்பன யாவும் அதிலிருந்தே போகும். பின்னர் தட்டு விற்கும்போது குழுவுக்குரிய சிறு சதவீதம் அக்கடனைத் தீர்ப்பதற்கே கழிக்கப்படும். பாட்டின் மூலப்பதிவோ பெரும்பாலும் கம்பனிக்கே உடைமை. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993இல் எழுதிய கட்டுரையொன்றில் இக்கணக்கை வரிவரியாகப் போட்டுக் காட்டினார். கற்பனைக் குழுவொன்று இரண்டரை இலட்சம் டொலர் முற்பணம் பெற்று, இரண்டரை இலட்சம் தட்டும் விற்கிறது. முடிவில் கம்பனிக்கு ஏழு இலட்சம் டொலருக்கு மேல். குழுவினர் ஒவ்வொருவருக்கும் எஞ்சுவதோ ஏறத்தாழ 4,031 டொலர். அல்பினி வெறும் வாய்ச்சொல் வீரர் அல்லர். அதே ஆண்டில் 'நிர்வானா' குழுவின் தட்டைப் பதிவு செய்தபோது, விற்பனையிற் பங்கு வேண்டாம், செய்த வேலைக்குரிய கூலி போதும் என்று ஏற்கனவே எழுதிக் கொடுத்தவர். 2024இல் அவர் மறைந்தார்.

அவ்வாறாயின் கம்பனிகளிடம் போனவர்கள் யாவரும் பேராசைக்காரரா? நான் முதலில் அப்படித்தான் எண்ணினேன். இருபது வயதிற் தீர்ப்புக் கூறுவது எளிது. ஆனால் வரலாறு அவ்வளவு நேரானதன்று.

மினசோட்டாவின் 'ஹஸ்கர் டூ' 1984இல் 'சென் ஆர்கேட்' என்ற இரட்டைத் தட்டைச் சிறுநிறுவனம் ஒன்றினூடாக வெளியிட்டது. எவரும் எதிர்பாராத வரவேற்பு. கடைக்குக் கடை கேள்வி. ஆனால் நிறுவனம் அடித்தது சில ஆயிரம் மட்டுமே. கேட்டவர்க்குக் கொடுக்கத் தட்டு இல்லை. 1986இல் அக்குழு வோர்ணர் கம்பனியிலிருந்து ஒரு தட்டை வெளியிட்டது. தன் பாட்டு கேட்பவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று ஒரு பாடகன் விரும்புவதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சிறுநிறுவனம் கலிபோர்னியாவின் எஸ்.எஸ்.ரி. ஆகும். 'பிளாக் ஃபிளாக்' குழுவின் கிரெக் ஜின், சிறுவயதில் தாம் நடத்திய வானொலிக் கருவி வியாபாரத்தின் பெயரையே அதற்கும் சூட்டியிருந்தார். கம்பனியொன்றுடன் ஏற்பட்ட வழக்கினால் தம் குழுவின் பெயரையே பயன்படுத்த முடியாது தவித்தும், நீதிமன்ற ஆணையை மீறியதாகச் சில நாட்கள் சிறையிருந்தும் நிமிர்ந்தவர் அவர். ஆயினும் பின்னாளில், தமக்குரிய பங்கு ஒழுங்காக வந்து சேரவில்லை என்று அவரது நிறுவனத்தின் மீதே பல குழுக்கள் வெளிப்படையாக முறையிட்டன; சில தம் தட்டுக்களை மீட்டெடுத்தன. சிறியது என்பதனால் மட்டும் ஒன்று நீதியானது ஆகிவிடாது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுகின்ற கைதான் முக்கியம்.

1991இல் நிர்வானாவின் 'நெவர்மைன்ட்' வெளிவந்து, 1992 ஜனவரியில் மைக்கல் ஜாக்சனின் தட்டைக் கீழிறக்கி அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடம் ஏறியது. அதன்பின் கம்பனிகள் இத்தகைய குழுக்களைத் தேடித் திரிந்தன. கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் 924, கில்மன் வீதி என்ற இலக்கமே பெயராகக் கொண்ட மண்டபம் ஒன்று உண்டு. 1986இன் கடைசி நாளில் திறக்கப்பட்டது, தொண்டர்களே நடத்துவது, மது இல்லை. பெருங்கம்பனியோடு ஒப்பந்தம் செய்த குழு அங்கே மேடையேறக்கூடாது என்பது அன்றைய விதி. அங்கே வளர்ந்த 'கிறீன் டே' குழு அவ்வாறு ஒப்பந்தம் செய்து, 1994இல் 'டூக்கி' என்ற தட்டை வெளியிட்டது. அது அமெரிக்காவில் மட்டும் கோடிக்கு மேல் விற்றது. தாய்வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. 2015இலேதான், ஒரு நிதியுதவி நிகழ்ச்சிக்காக அவர்கள் அந்த மேடையில் மீண்டும் ஏறினர்.

'ஜோபிரேக்கர்' குழுவின் கதை இன்னும் நோகடிப்பது. கம்பனியிடம் போவதில்லை என்று கூறிவந்தவர்கள், 1995இல் கெஃபன் கம்பனியினூடாக 'டியர் யூ' என்ற தட்டை வெளியிட்டனர். பழைய இரசிகர் சிலர் நிகழ்ச்சியின்போது மேடைக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தனராம். தட்டும் கம்பனி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அடுத்த ஆண்டே குழு உடைந்தது. அந்தத் தட்டை இன்று பலர் போற்றுகின்றனர். குழுவும் 2017இல் மீண்டும் ஒன்றுகூடிற்று. ஆயினும் அந்த முதுகுகளை என்னால் மறக்க முடியவில்லை. கருஞ்செம்மறிகளும் திரண்டால் மந்தைதான். கொள்கை என்பது நம் கையைக் கட்டுவதற்கு நாம் இட்டுக்கொள்வது. அடுத்தவன் முகத்தில் வீசுவதற்கன்று. அந்த மண்டபங்களிலே ஆண்பிள்ளைகளின் இடிபாட்டுக்கு அஞ்சி ஓரத்தில் நின்ற பெண்கள், 1991 அளவில் 'றயட் கேர்ள்' என்னும் பெயரில் தமக்கெனத் தாமே ஏடுகள் அச்சிட்டுக் கூட்டங்கள் கூட்ட வேண்டியிருந்தது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இவ்வளவையும் நான் படித்தது ஆராய்ச்சிக்காக அன்று. என் மனதில் ஒரு முள் இருந்தது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் காகிதம் அரும்பொருளாயிற்று. மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தாளின்றிப் பிற்போடப்பட்ட காலம் அது. அந்த நாட்களில்தான் நாங்கள் நால்வர் ஒரு சிற்றேடு தொடங்கினோம். ஒருபக்கம் அச்சான பழைய தாள்களைத் தேடிச் சேகரித்து, வெறும்பக்கத்திற் பிரதி எடுத்தோம். பதினாறு பக்கம், அறுபது பிரதி, விலை ஐம்பது ரூபா. கவிதையைப் படித்துத் தாளைப் புரட்டினால் மறுபுறம் பொருளியற் குறிப்பு இருக்கும். 'உங்கள் ஏட்டில் எனக்குப் பிடித்தது கேள்வி வளைகோடுதான்' என்று பகிடி பண்ணிய விரிவுரையாளர்கூட ஐம்பது ரூபா தராமல் விட்டதில்லை. 1966 முதல் 'மல்லிகை'யைத் தம் சலூனில் இருந்தே நடத்தி, கையிற் காவித் தெருத்தெருவாக விற்ற டொமினிக் ஜீவாவின் நாட்டிலே, இது புதுமையும் அன்று, பெருமையும் அன்று. ஆயினும் விடுதி விறாந்தையில் இரவிரவாக இருந்து தாள் மடித்த அந்த நான்கு இதழ்களின் மகிழ்ச்சி, பின்னர் எந்தப் புள்ளிப் பட்டியலும் எனக்குத் தராதது.

ஐந்தாவது இதழுக்கு ஓர் உதவி வந்தது. வர்த்தக நிறுவனமொன்று ஆயிரம் பிரதி அச்சிட்டுத் தர முன்வந்தது. பல்வண்ண அட்டை, பின்னட்டையில் அவர்களது விளம்பரம். வேறு நிபந்தனை எதுவும் இல்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும்: அவர்கள் எதையும் நீக்கச் சொல்லவில்லை. எங்களிடம் ஒரு சிறுகதை இருந்தது. மலையகத்திலிருந்து வந்த சக மாணவி ஒருவர் எழுதியது. கொழுந்து நிறுக்கும் தராசடியில், கழிவென்று வெட்டப்படும் கிலோக்களை விரலில் எண்ணும் ஒரு தாயைப் பற்றியது. அந்த நிறுவனம் தேயிலை வணிகத்திலும் ஈடுபட்டிருந்தது. 'இந்த முறை வேண்டாமே, அடுத்த இதழிற் போடலாம்' என்றது யார்? நான்தான். மூவரும் தலையசைத்தனர். அவரிடம் 'பக்கம் போதவில்லை' என்றோம். அந்த இதழுக்கு நாற்பத்தெட்டுப் பக்கம்.

கம்பனிகள் கலைஞனின் வாயைக் கட்டும் என்று நூல்களிற் படிக்கிறோம். என் அனுபவம் வேறு. எவரும் கட்ட வரவில்லை. வருமுன்னரே நான் வாயைக் காட்டிக்கொண்டு நின்றேன். கையால் தாள் மடித்த நாட்களில் எவர் மனம் கோணும் என்ற கேள்வி எங்களிடம் எழுந்ததில்லை. இழப்பதற்கு அறுபது பிரதிதானே இருந்தது. ஆயிரம் என்றவுடன் இழப்பதற்கு ஏதோ இருப்பதாய்த் தோன்றிற்று. அந்த ஆயிரத்தில் பாதிக்குமேல் என் கட்டிலின் கீழ்க் கட்டுக்கட்டாய்க் கிடந்து ஈரம் பிடித்தது வேறு கதை. அடுத்த ஆண்டு நிறுவனத்தின் உதவி நின்றது. ஏடும் நின்றது. பழையபடி தாள் மடிக்க நால்வரில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பல்வண்ண அட்டைக்குப் பிறகு வெறுந்தாள் எங்களுக்கே கேவலமாய்ப் பட்டது. இதுவே நாங்கள் கொடுத்த பெரிய விலை என்று இன்று கருதுகிறேன்.

ஆகவே வெற்றியே கூடாது, காசே தீட்டு என்று நான் கூற வரவில்லை. டிஸ்கோர்ட்டைத் தொடங்கியோர் பலர் நடுத்தர வகுப்பினர். சறுக்கி விழுந்தாற் தாங்குவதற்குப் பெற்றோர் வீடு இருந்தது. வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய நிலையில் உள்ள ஒரு மாணவனுக்கு 'விளம்பரம் வாங்காதே' என்று உபதேசிப்பதற்கு எனக்கு அருகதை இல்லை. இந்தச் சஞ்சிகையின் பின்பக்கங்களும் கடைக்காரரின் விளம்பரங்களாலேயே நிமிர்ந்து நிற்பவை. அவற்றைக் கேட்டு வெயிலிற் படியேறிய குழுவில் நானும் ஒருவன். கேள்வி காசு வாங்குவதா என்பதன்று. வாங்கிய பிறகும் மடிக்கத் தெரிந்த கை நம்மிடம் எஞ்சியிருக்கிறதா என்பதே. ஃபியூகாசியால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம் மனவலிமை மட்டுமன்று. பதிவு செய்யவும், அச்சிடவும், அனுப்பவும், மேடை பிடிக்கவும் அவர்களுக்கே தெரிந்திருந்தது. வேறு வழி உள்ளவனுக்கே மறுப்பு என்பது இயலும்.

அந்த ரீசேட்டின் கதையையும் முடித்துவிட வேண்டும். 2005இல் நைக்கி கம்பனி, தன் சறுக்குப்பலகை நிகழ்ச்சியொன்றுக்கு மைனர் திறெற்றின் வேறொரு தட்டின் உறையைப் போலவே சுவரொட்டி செய்து, கண்டனத்தின் பின் மன்னிப்புக் கேட்டது. அது அனுமதியில்லாத களவு. ஆனால் 2013இல் பெருங்கடையொன்றில் அக்குழுவின் பெயர் பொறித்த ரீசேட்கள் 28 டொலருக்குத் தொங்கியபோது, அவை அனுமதி பெற்றவையாகவே இருந்தன. கள்ளப்பிரதிகளைத் துரத்திக் களைத்துப்போய், அவ்வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தனர். மக்காயின் நேரம் அவருக்குப் பெரிது, துணி சிறிது. அண்ணா வாங்கியதும் அப்படியொரு பெருங்கடையில்தான். சந்தையை மறுத்தவர்களின் செய்தி சந்தையின் முதுகிலேறியே என்னிடம் வந்தது. இதிலுள்ள முரணை அவிழ்க்க என்னால் இயலவில்லை, நன்றியோடு வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் கட்டிலின் கீழிருந்த கட்டுக்களை ஒழுங்குபடுத்தியபோது அந்தச் சிறுகதையின் கையெழுத்துப் பிரதி அகப்பட்டது. எட்டுத் தாள், நீல மை, ஓரத்தில் என் கையெழுத்தில் 'அடுத்த இதழ்' என்ற குறிப்பு. நூலக வாசலிற் காத்திருந்து அவரிடம் கொடுத்தேன். பக்கம் போதவில்லை என்று அன்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். பழையபடி அறுபது பிரதி செய்ய எண்ணியிருப்பதையும், இக்கதையோடு தொடங்க விரும்புவதையும் கூறினேன். அவர் தாள்களை எண்ணிப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனார்.

இன்னும் பதில் வரவில்லை. ஒருபக்கம் அச்சான தாள்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்.